அத்தைக்குப் பூக்கேட்ட மூன்று கோயில்கள்

நனைந்த வாழைநாருக்கு ஒரு வாடை உண்டு. கொஞ்சம் மண், கொஞ்சம் புளித்த கஞ்சி, கொஞ்சம் காயாத துணி. அந்த நாரால் இறுகக் கட்டிய தேக்கிலைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தால், இலையின் சொரசொரப்புக்கு நடுவில் முடிச்சு மட்டும் வழவழவென்று விரலில் தட்டுப்படும். ஏழு வயதில் என் வலது கைக்கு இது ஒன்றுதான் நன்றாகத் தெரியும், மற்றபடி அது எதற்கும் உதவாத கை. சோற்றைப் பிசைந்தால் பாதி பாவாடையில் கிடக்கும், சிலேட்டில் "அ" போட்டால் வாத்தியார் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எது மேல்பக்கம் என்று என்னையே கேட்பார். அப்பேர்ப்பட்ட கையைத்தான் எங்கள் குடும்பம் தெய்வத்தின் கை என்று முடிவுகட்டி, ஒரு கோடைகாலம் முழுக்கக் கோயில் கோயிலாக மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போயிற்று.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பனைமரமும் கடலைக்காடும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத இடம். நான் சொல்வது ஐம்பதுகளின் நடுவில்; கேரளம் என்று ஒரு மாநிலம் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களுடையது, பாலக்காட்டுப் பக்கம் மதராசுக்காரர்களுடையது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்கள் மாடுகள் ஒரே நாளில் இரண்டு மாநிலத்துப் புல்லையும் மேய்ந்துவிட்டு எந்த மாநிலத்திலும் பால் கறக்காமல் வீட்டுக்கு வரும்.

"பூக்கேட்பது" என்றால் என்னவென்று இந்தக் காலத்தவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டில் ஒரு கல்யாணம் தகையும்போது, செய்யலாமா கூடாதா என்பதை மனிதர்கள் முடிவு செய்தால் பின்னால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள நேரும் என்பதால், அந்தப் பொறுப்பைச் சாமியின் தலையில் கட்டிவிடுவார்கள். வெள்ளரளிப் பூவை ஓர் இலையிலும் செவ்வரளிப் பூவை இன்னோர் இலையிலும் வைத்து, நிறம் வெளியே தெரியாதபடி மடித்து, நாரால் கட்டிச் சாமியின் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை. மல்லிகையை வைத்தால் பிள்ளை மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடும் என்று இரண்டுக்கும் அரளியையே வைக்கும் அளவுக்கு எங்கள் பெரியவர்கள் சாமியிடம் பக்தியும் பிள்ளைகளிடம் அவநம்பிக்கையும் கொண்டவர்கள். எடுக்கிற பிள்ளைக்கு ஒரே தகுதிதான்: பால்பல் ஒன்றுகூட விழுந்திருக்கக் கூடாது. பல் விழுந்த பிள்ளைக்குப் பொய் பழகிவிடும் என்பது எங்கள் வீட்டுச் சாத்திரம். எனக்கு எல்லாமே தாமதம் என்பதால், அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் முழுப்பல்லோடு மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். பொய்யை மட்டும் நான் தாமதிக்காமல் கற்றுக்கொண்டிருந்தேன் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

கல்யாணம் என் அத்தைக்கு. நாச்சம்மா அத்தை என் அப்பாவுக்குத் தங்கை, பெரியப்பாவுக்கு இரண்டாவது தங்கை. இருபத்து நான்கு வயது. அந்தக் காலத்தில் அந்த வயதில் கல்யாணமாகாமல் ஒருத்தி வீட்டில் இருந்தால், அவள் எந்தப் பாத்திரத்தைக் கீழே வைத்தாலும் சத்தம் அதிகமாகக் கேட்கும். பெரியம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெருமூச்சு வைத்திருந்தார். வந்திருந்த மாப்பிள்ளையோ பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்து ஆள்தான், பிழைக்க மலையேறியவர். பெண்பார்க்க வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், "எங்கூர்ல சன்னலைத் தெறந்து வெச்சா மேகம் ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துக்குமுங்க, போன்னாலும் போகாது" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அத்தை சிரித்துவிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சிரித்தாள். பெண்பார்க்கும் இடத்தில் பெண் சிரிப்பது எங்கள் வீட்டில் அதுவரை நடக்காத காரியம். பெரியம்மா அதற்காக மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அத்தைக்கு அது தெரிந்ததா என்பதே சந்தேகம். அவள் அந்த மூன்று நாளும் அடுப்படிச் சன்னலைத் திறந்து வைத்தே சமைத்தாள்.

பெரியப்பாவுக்கும் மாப்பிள்ளை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மலை தூரம், குளிர், காய்ச்சல் என்று ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதால், "சாமிகிட்டக் கேட்டுப்போடலாம். மூணு கோயில் வரைக்கும் கேக்கலாம். எங்க வெள்ளை வருதோ அங்க முடிஞ்சுது பேச்சு. மூணும் செவப்புன்னா அதோட உட்டுற வேண்டியதுதான்" என்று தீர்ப்பு வைத்தார். பூக்கேட்கப் போகும் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் இரண்டு விதி. பூ எடுத்து முடியும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. கோயில் போய்ச் சேரும்வரை வண்டியில் ஏறக்கூடாது, செருப்பில்லாமல் நடந்துதான் வர வேண்டும். மற்றவர்கள் வண்டியில் கட்டுச்சோற்று மூட்டையோடு உட்கார்ந்துகொண்டு வேண்டுதலில் கலந்துகொள்ளலாம்.

முதல் கோயில் கொல்லங்கோட்டுக்கு அருகே ஒரு பாறைமேல் இருந்த பழைய முருகன் கோயில். பாறையில் யாராலும் படிக்க முடியாத எழுத்துகள் வெட்டியிருக்கும். பெரியப்பா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ராசாக்க எழுதுனது" என்பார். எந்த ராசா, என்ன எழுதினார் என்று கேட்டால் அடி விழும். தெற்கே நெல்லியாம்பதி மலை நீலமாக நிற்கும். விடியும் முன்னே கிளம்பிய வண்டி வெயில் ஏறும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டிக்குப் பின்னால் அத்தை தலையில் பூக்கூடையோடு நடந்து வந்தாள். நான் வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எள்ளுருண்டை தின்றபடி அவளோடு பேசிக்கொண்டு வந்தேன். அதை நான் அவளுக்குச் செய்த துணை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா யாரையும் பொட்டலம் கட்ட விடமாட்டார். கோயிலுக்குப் பின்னால் போய், தானே மடித்து, தானே கட்டி, முதுகுக்குப் பின்னால் கை மாற்றி மாற்றி வைத்துக் குழப்பி, எது எது என்று தனக்கே தெரியாமல் ஆக்கிக்கொண்டுதான் பூசாரியிடம் கொடுப்பார். அவ்வளவு நேர்மையான மனிதர். பூசாரி என்னைப் பார்த்து, "கண்ணை மூடிட்டு எடு சாமி" என்றார். மூடினேன், எடுத்தேன். அன்றைக்கு நானும் நேர்மையாகத்தான் எடுத்தேன். வாழ்க்கையில் அப்படி எடுத்த ஒரே பூ அது. சிவப்பு.

பெரியம்மா, "சாமிக்கே இவளை அனுப்ப மனசில்லையாட்ட இருக்குது, நாம என்ன பண்றது" என்று கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தார். அத்தை தன் பங்குப் புளிச்சோற்றை என் இலையில் தள்ளிவிட்டு, பாறை ஓரத்தில் போய் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் இரண்டு பங்கையும் தின்றேன். அவளுக்குத் துக்கம், எனக்குப் பசி. ஆளுக்கு ஒரு வேலை.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் போட்டுவிட வேண்டும் என்பது முறை. சுனையில் போட்டுவிட்டு வா என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். என்னிடம் கொடுத்த எதுவும் பிரிக்காமல் போய்ச் சேர்ந்ததில்லை. பிரிக்கப் பார்த்தேன், எளிதில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். மூன்று முடிச்சு. உள்ளே வெள்ளரளி. நான் எடுத்த சிவப்புப் பொட்டலத்தில் இரண்டே முடிச்சு இருந்தது நினைவு வந்தது.

இது எனக்குப் புதிய செய்தி அல்ல. பெரியப்பா ஊரில் கட்டுவேலைக்குப் பேர்போனவர். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் கட்டவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், சாவு விழுந்தால் பாடை கட்டவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல காரியத்துக்கு அவர் கை மூன்று முடிச்சுப் போடும். ஆகாத காரியத்துக்கு இரண்டோடு நின்றுவிடும். விதை மூட்டைக்கு மூன்று, செத்த கன்றுக்குட்டியைத் தூக்கிப்போகும் சாக்குக்கு இரண்டு. கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்பார். கை செய்வது அவருக்கே தெரியாது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு தொழில் இல்லாதவள் என்பதால் எனக்குத் தெரியும். அன்று சுனைக்கரையில், சாமியின் மனசு எனக்கு விரல் நுனியில் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டேன். ஏழு வயதில் வேறு யாருக்கும் அவ்வளவு அதிகாரம் கிடைத்திருக்காது.

இரண்டாவது கோயில் வேலந்தாவளம் தாண்டி, மூக்குடைந்த நந்தி உட்கார்ந்திருந்த ஓர் ஈசுவரன் கோயில். நந்தியின் மூக்கை உடைத்தது எந்தப் படை என்று அப்பாவும் பெரியப்பாவும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். என் கவனம் வேறு ஒன்றில் இருந்தது. மூன்றாவதாகப் போக வேண்டி வந்தால் சித்தூரில் ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. அது மலையாளத்துக் கோயில். அங்கே யானை இருந்தது. நான் யானையைப் பார்த்ததில்லை. இங்கேயே வெள்ளை வந்துவிட்டால் யானை இல்லை. கணக்கு சுலபமாக இருந்தது: இங்கே இரண்டு முடிச்சு, சித்தூரில் யானையைப் பார்த்த பிறகு மூன்று முடிச்சு. அத்தைக்கு மாப்பிள்ளை, எனக்கு யானை. ஒருவருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மேமாதத்து மண் எப்படிச் சுடும் என்று வண்டியில் வந்தவளுக்கு எங்கே தெரியும். அத்தை வந்து சேர்ந்தபோது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து, கோயில் வாசற்கல்லில் ஈரமாக அடி பதிந்தது. "நடக்கறவளுக்கு வேண்டுதல் சுத்தமா இருந்தா காலு வெடிக்காது" என்றார் பெரியம்மா. அத்தை என் முன்னால் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "வெள்ளையா எடு கண்ணு. என்ற கண்ணாலம் முடியட்டும், உன்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். மேகத்தைத் தொட்டுப் பாக்கலாம்" என்றாள். பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்த வாயின் வாடை என் முகத்தில் அடித்தது.

மேகமா, யானையா என்று நான் கொஞ்சம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. யானை என்றால் காலை மிதித்து மேலே ஏறலாம், மேகத்தில் ஏற முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பொட்டலத்தையும் ஒரு தடவு தடவி, இரண்டு முடிச்சை எடுத்தேன்.

அன்றும் அத்தையின் பங்குச் சோறு என் இலைக்குத்தான் வந்தது.

சித்தூருக்குப் போக மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் இரண்டு காரியம் நடந்தன. முதலாவது, என் முன்பல் ஆட ஆரம்பித்தது. பல் விழுந்தால் என் உத்தியோகம் போய்விடும். சின்னத் தாத்தா வீட்டில் நாலு வயதில் ஒரு பேரன் இருந்தான், அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவனுக்கு முடிச்சுக் கணக்கு எங்கே தெரியும், கண்டதை எடுத்து வைத்து அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவானே என்று எனக்கு உண்மையாகவே பயம். அதனால் நாக்கால் பல்லை முட்டுக்கொடுத்துக்கொண்டு, கரும்பு தின்னாமல், கடலைமிட்டாய் தின்னாமல், வாயை மூடிக்கொண்டே மூன்று வாரம் இருந்தேன். என் வாய் மூடியிருந்ததைப் பார்த்து அம்மா எனக்குக் காய்ச்சல் என்று கசாயம் கொடுத்தாள். என் வாழ்க்கையில் இன்னொருவருக்காக நான் செய்த ஒரே தியாகம் அது.

இரண்டாவது, எலப்புள்ளிக்காரர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். எங்கள் வயலுக்கு மேற்கே ஒட்டினாற்போல் நிலம் வைத்திருந்தவர், நாற்பது தாண்டியவர், மனைவி இறந்து மூன்று பிள்ளைகளோடு இருந்தவர். மூன்று வாரத்தில் நாலு தடவை வந்தார். பெரியப்பாவும் அவரும் வரப்பில் நின்று, வாய்க்காலை இந்தப் பக்கம் வெட்டினால் தண்ணீர் எப்படி வரும் என்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை எனக்கு முறுக்கு வாங்கி வந்தார். பல்லுக்குப் பயந்து அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றேன். நல்ல மனிதர் என்று தோன்றியது.

சித்தூரில் ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். சோகத்தை அழிப்பவள் என்று அர்த்தமாம். அவளிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, அதை எந்தக் கச்சேரியில் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் நான் யானையைத் தேடி ஓடினேன். தென்னந்தோப்பில் ஒரு சங்கிலியும், தின்று போட்ட பனையோலையும், பெரிய விட்டையும் கிடந்தன. யானையை வேறு ஊருக்குத் திருவிழாவுக்குக் கொண்டு போய்விட்டார்களாம். எனக்கு வந்த அழுகையைப் பார்த்துப் பெரியப்பா, "புள்ளைக்கே அத்தை மேல எத்தனை வெசனம் பாரு" என்று கண் கலங்கினார்.

அந்தக் கோயில் நம்பூதிரி, சன்னதிக்குள் பொட்டலத்தை வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. "இவிடெ பூ கேட்கலொந்நும் பதிவில்லா. அதொக்கெ நிங்ஙள் பாண்டிக்காருடெ ஏர்ப்பாடு. வேணமெங்கில் பிரசனம் வைக்காம்" என்று, அந்த வழக்கமெல்லாம் தமிழர்களுக்குத்தான் என்பதுபோல், சோழி உருட்டும் சோதிடரைக் கைகாட்டினார். பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி எங்களுக்கு இதுதானுங்க கடைசி" என்று கெஞ்சி, வெளியே பலிக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள உத்தரவு வாங்கினார்.

கடைசிக் கோயில் என்பதால் அத்தை ஒரு படி மேலே போனாள். ஆற்றில் முழுகி, ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றி உருண்டாள். உருளும்போது சேலை ஒதுங்காமல் பெரியம்மா பக்கத்திலேயே நடந்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். இழுக்கும்போதெல்லாம், "வெரசா உருளு, வெயிலு ஏறுது" என்றார். மலையாளத்துப் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரு சுற்று முடித்து எழுந்தபோது அத்தையின் முழங்கையும் கன்னமும் கல் உரசிச் சிவந்திருந்தன. தலைமுடியில் மண்ணும் ஏதோ குச்சியும் ஒட்டியிருந்தன. நேராக என்னைத்தான் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன். ஆமாம், கண்ணடித்தேன். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

கண்ணை மூடினேன். பொட்டலங்களைத் தடவினேன். இடதுகைப் பக்கம் இரண்டு முடிச்சு, வலதுகைப் பக்கம் மூன்று. மறுபடி எண்ணினேன், தப்பே இல்லை. மூன்று முடிச்சை எடுத்து, பூசாரி வேலையையும் நானே செய்கிறவள்போல் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் பிரித்தார். சிவப்பு.

நான் இலையைப் பிடுங்கிப் பார்த்தேன். நாரில் மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. "இல்லீங்க பெரியப்பா, இது வெள்ளைங்க" என்றேன். "செவப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத புள்ளைகிட்டத்தான் சாமி பேசும்" என்று பெரியப்பா என் தலையைத் தடவினார். மற்றொரு பொட்டலத்தை வாங்க எட்டினேன். அதை அவரே கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு வந்து, பலிக்கல்லுக்கு முன் குப்புற விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது தேம்பித் தேம்பி அழுதார். பொய் அழுகை அல்ல. "மூணு சாமியும் சொல்லிப்போட்டுது நாச்சி. இனி நான் என்னம்மா பண்ணட்டும்" என்றார். அத்தை தன் ஈரச்சேலை முந்தானையைப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் பல் தானாகக் கழன்று மடியில் விழுந்தது.

ஆவணியில் அத்தைக்கும் எலப்புள்ளிக்காரருக்கும் கல்யாணம். பீர்மேட்டுக்காரர் ஒரு தடவை வந்து வாசலில் நின்று, சாமி சொல்லிவிட்டது என்றதும் மறுபேச்சில்லாமல் போய்விட்டார். ஏலப்பாறைப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதாகப் பின்னால் கேள்வி. அத்தைக்குப் புகுந்த வீட்டில் முதல் வருஷத்திலேயே, குழம்பு ஆறிப்போனதற்காக வாங்கிய ஓர் அறையில் இடது காது போயிற்று. மூன்று பிள்ளைகளையும் வளர்த்தாள். சொந்தமாக ஒன்று பிறக்கவில்லை.

எனக்கு விஷயம் புரிந்தது பதினான்கு வயதில். ஒரு நாள் வரப்பில் நின்றிருந்தேன். எலப்புள்ளிக்காரரின் நிலத்துக்குக் குறுக்கே புதிதாக வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் வந்து பெரியப்பாவின் வயலில் விழுந்துகொண்டிருந்தது. முடிச்சு நிறத்தைச் சொன்னதே இல்லை. பெரியப்பா எதை விரும்பினாரோ அதைச் சொன்னது. முதல் இரண்டு கோயிலில் அவருக்கு வேண்டியது வெள்ளை. மூன்றாவது கோயிலுக்குப் போவதற்குள் அவர் மனசு வாய்க்காலோடு போய்விட்டது; கல்யாணம் நின்றால் நல்லது என்றாகிவிட்டது; நல்லதுக்கு அவர் கை மூன்று முடிச்சுப் போட்டது. அவர் ஏமாற்றவில்லை. வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால் குழப்பித்தான் வைத்தார். எதை எடுப்பேன் என்று அவருக்குத் தெரியாது. ஏமாற்றியவள் நான் ஒருத்திதான்; அவர் ஆசைப்பட்டதை ஏமாற்றிப் பொறுக்கி எடுத்து, சாமியின் வாக்காக்கி, அவர் கையிலேயே கொடுத்தேன். என் பல் முந்தின நாளே விழுந்திருந்தால், அந்த நாலு வயதுப் பேரன் எதையாவது எடுத்திருப்பான். அத்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்திருக்கும்.

போன வருஷம் அந்த மூன்று கோயிலுக்கும் காரில் ஒரே நாளில் போய் வந்தேன். பாறைமேல் இருந்த எழுத்தின்மீது சிமெண்டுப் படி ஏறியிருக்கிறது, கைப்பிடிக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். நந்திக்குப் புது மூக்கு. சித்தூர்க் கோயிலில் தென்னந்தோப்பு இருந்த இடம் கார் நிறுத்துமிடம். மூன்று இடத்திலும் பூக்கேட்பதைப் பற்றி விசாரித்தேன். இரண்டு இடத்தில் அப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை. பீர்மேட்டுக்கும் போயிருக்கிறேன், பேரப்பிள்ளைகளோடு, அறை எடுத்துத் தங்கி. மேகம் உண்மையாகவே சன்னல் வழியாக உள்ளே வந்தது. சளி பிடிக்கும் என்று நான்தான் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.

காணாமற்போன இன்னொன்றும் உண்டு. அதற்கு நானே காரணம். அத்தைக்கு எழுபது வயதானபோது, எலப்புள்ளிக்காரரும் போய்ச் சேர்ந்து அவள் தனியாக இருந்தபோது, பார்க்கப் போனேன். கூடத்துச் சுவரில் பெரியப்பாவின் படம் மாலையோடு தொங்கியது. கடைசி மூன்று வருஷம் வாதத்தில் விழுந்து கிடந்த அவரைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து, கஞ்சி ஊட்டி, மலம் அள்ளி, பார்த்துக்கொண்டவள் அவள்தான். எனக்கும் வயதாகிவிட்டதே, மனசிலிருப்பதை இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன். அவசரத்தில் இடதுபக்கம் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எழுந்து வலதுபக்கம் போய் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட காரியத்தைக்கூட என்னால் ஒரே தடவையில் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

"ரெண்டாவது கோயில்ல நான் வேணும்னேதான் செவப்பெடுத்தேனுங்கத்தை."

அவள் சிரித்தாள். "தெரியுங் கண்ணு. நீ பொட்டலத்தைத் தடவுன தடவல நான் பாத்துட்டுத்தான இருந்தேன். ஆனை ஆனைன்னு வழி பூராப் பேசிட்டு வந்தவளாச்சே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா உன்னைய மாத்திப்போட்டு வேற புள்ளைய உட்டிருப்பாங்க. நீ மூணாவதுல வெள்ளையக் குடுத்துருவேன்னு நம்பித்தான அந்த உருளு உருண்டேன்." சேலை ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள். "அங்கயும் செவப்பு வந்துச்சு. செரி, ஆனை இல்லைன்ன கோவத்துல எடுத்துப்போட்டயாக்கும்னு நெனச்சேன். சின்னப் புள்ளதான. அண்ணன்தான் பாவம், எனக்காக மூணு கோயில் அலைஞ்சுது. அன்னைக்கு எனக்குன்னு அழுதது அது ஒண்ணுதான்."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை வருஷம் அவள் என்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது கோயிலில் நான் வெள்ளை என்று நம்பித்தான் எடுத்தேன் என்றேன். அதோடு விடாமல் முடிச்சையும் சொன்னேன், வாய்க்காலையும் சொன்னேன், அந்த மூன்று வாரத்தில் எலப்புள்ளிக்காரர் நாலு தடவை வந்ததையும் சொன்னேன். என் மேலிருந்த குற்றத்தில் பாதியைத் துடைத்து, வாயில்லாத மனிதர்மேல் பூசினேன். வலது காதில், நிதானமாக, ஒரு சொல் விடாமல்.

அத்தை நீவிக்கொண்டிருந்த சேலை ஓரத்தை விட்டுவிட்டாள். பிறகு, "இதச் சொல்லாம இருந்திருக்கலாமில்ல அம்மிணி" என்றாள். எழுந்து உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த முறை போனபோது சுவரில் பெரியப்பாவின் படம் இல்லை. சுண்ணாம்பு அடிக்கக் கழற்றியது என்றாள். சுண்ணாம்பு அடிக்கவில்லை, படம் இருந்த இடம் மட்டும் அழுக்கில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. அத்தை இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யும்போது பெட்டி, பரண், நெல் கொட்டும் அறை என்று ஓர் இடம் விடாமல் தேடினேன். படம் எங்கும் இல்லை.